தசை துடித்தால் என்ன அர்த்தம்? ஒரு பழைய கேள்வியின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஒரு பிளேன்ரீயோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள். மூன்றாவது பிளேன்ரீ மட்டும் வேண்டாம். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்த ஓர் இரவு. எமது இடது கெண்டைக்காலில் ஏதோ ஊர்ந்தது. எறும்பென்று நினைத்துத் தட்டினோம். எறும்பு இல்லை. சாரத்தை உயர்த்திப் பார்த்தால் தோலுக்கு அடியில் சதை தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது. நாம் அசைக்கவில்லை, வலியும் இல்லை. யாரோ உள்ளே இருந்து விரலால் சுண்டுவது போல இருந்தது.

அடுத்த கிழமை வலது கண்ணிமை துடித்தது. அதற்கடுத்த கிழமை சோக்கட்டி பிடிக்கும் கையின் பெருவிரல். அப்போதுதான் எல்லோரும் செய்யும் தவறை நாமும் செய்தோம். நடுநிசியில் போனை எடுத்துத் தேடினோம். மூன்றாவது வரியிலேயே மோட்டார் நியூரோன் நோய் என்ற பெயர் வந்தது. இயக்க நரம்புகள் ஒவ்வொன்றாக அழிந்து, கை கால் தளர்ந்து, கடைசியில் மூச்சுத் தசையும் நின்றுபோகும் நோய்.

அன்றிரவு நித்திரை இல்லை. அதன் பிறகு பல இரவுகள் இல்லை. வீட்டார் உறங்கிய பின்னர் குசினியில் நுனிக்காலில் நின்று பார்ப்போம். போத்தல் மூடிகளை இறுக்கித் திறந்து பார்ப்போம். தையல் மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த இஞ்சி டேப்பை எடுத்துக் கெண்டைக்காலின் சுற்றளவை அளந்து, மறுநாளும் அளந்து, கொப்பியில் எழுதி வைப்போம். ஓ.எல். பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மூத்த மகள் ஏதாவது கேட்டு வந்தால், பிறகு வா என்று விரட்டுவோம். எமது கண் அவள் முகத்தில் இருக்காது, காலில் இருக்கும்.

ஊர் டொக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் உங்கள் மனத் திருப்திக்கு நரம்புச் சோதனை ஒன்று செய்வோம் என்று கொழும்புக்கு எழுதித் தந்தார். திகதி கிடைத்தது ஆறு கிழமைக்குப் பிறகு. வரலாறு படிப்பிக்கிறவனுக்குக் காத்திருக்கும் காலத்தில் தெரிந்த வேலை ஒன்றுதான். பின்னால் போய்ப் பார்ப்பது. மனிதன் தன் சதை துடிப்பதைப் பார்த்து என்னென்ன நினைத்திருக்கிறான் என்று தேடத் தொடங்கினோம்.

தேடல் வீட்டிலேயே தொடங்கியது. உம்மாவிடம் கண் துடிக்கிற விசயத்தை மட்டும் சொன்னோம்.

"எந்தக் கண் மகன்?"

"வலது."

"அப்ப நல்லதுதான்."

சகுனம் பார்ப்பது எமது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பது உம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பேச்சு மார்க்கத்திலிருந்து வந்ததல்ல, எமது மொழியிலிருந்து வந்தது. ஆணுக்கு வலம், பெண்ணுக்கு இடம் என்பது தமிழ் நிலத்தில் மிகப் பழைய கணக்கு. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடியும் இடத்தில் கண்ணகிக்கு இடக் கண்ணும் மாதவிக்கு வலக் கண்ணும் துடிக்கின்றன. ஒருத்திக்கு நன்மை வருகிறது, மற்றவளுக்குப் பிரிவு வருகிறது என்பதை வாசகனுக்கு அந்தத் துடிப்பே சொல்லிவிடுகிறது.

இது தமிழர் மட்டும் போட்ட கணக்குமல்ல. கிரேக்கத்தில் மெலாம்பஸ் என்பவரின் பெயரில் ஒரு நூல் இருந்தது. உடம்பின் எந்த இடம் துடித்தால் என்ன நடக்கும் என்று தலையிலிருந்து கால் வரை வரிசைப்படுத்திய நூல். அரபியில் இதே துறைக்கு இல்முல் இக்திலாஜ் என்று பெயர். இக்திலாஜ் என்றால் துடிப்பு. உஸ்மானியத் துருக்கியில் இந்த வகை நூல்களை செயிர்நாமே என்றார்கள். புருவம் துடித்தால் இது, தோள் துடித்தால் அது. அரசனுக்கு ஒரு பலன், வியாபாரிக்கு ஒரு பலன், கன்னிப் பெண்ணுக்கு வேறொரு பலன்.

வாசிக்க வாசிக்க எமக்கு வெட்கமாக இருந்தது. நாம் நடுநிசியில் போனில் செய்தது வேறென்ன? கெண்டைக்கால் துடித்தால் இது, நாக்கு துடித்தால் அது என்று திரையில் விரலை ஓட்டிய நாமும் ஒரு செயிர்நாமே வாசகன்தான். பலன் சொல்லும் நூல் மாறியிருந்தது. கேள்வி மாறவில்லை.

சகுனத்தை விட்டுக் காரணத்தைக் கேட்டவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். 2ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் வைத்தியம் செய்த கலென், நடுக்கம், துடிப்பு, வலிப்பு, குளிர் நடுக்கம் ஆகிய நான்கையும் வேறுபடுத்தித் தனி நூலே எழுதினார். துடிப்பு வேறு, நடுக்கம் வேறு என்று பிரித்ததே பெரிய வேலை. கி.பி. 980இல் புகாராவுக்கு அருகில் பிறந்த இப்னு சீனா, தமது கானூன் நூலில் இக்திலாஜ் பற்றிப் பேசுகிறார். தசையில் ஏற்படும் அசைவு அது, தசையோடு ஒட்டியுள்ள தோலும் சேர்ந்து அசையும் என்று அவர் விளக்குவது எமது கெண்டைக்காலை நேரில் பார்த்துச் சொன்னது போல இருக்கும். காரணம் என்ன? தசைக்குள் சிக்கிக்கொண்ட தடித்த காற்று என்றார். துடிப்பு சட்டென்று வந்து சட்டென்று கலைந்துபோவதால் அது காற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய தர்க்கம்.

இன்று அது பிழையென்று எமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிலின் தன்மையைக் கவனியுங்கள். நாளை உனக்கு என்ன நடக்கும் என்று அவர் துடிப்பிடம் கேட்கவில்லை. உனக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டார். சகுனம் பார்ப்பவன் நின்ற இடத்திலிருந்து வைத்தியன் எடுத்து வைத்த முதல் அடி அது. கானூன் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரை படிப்பிக்கப்பட்டது.

காற்றுக் கதையை உடைத்தது ஒரு தவளை. நெதர்லாந்தைச் சேர்ந்த யான் சுவாமர்டாம் 1660களில் ஒரு பரிசோதனை செய்தார். நரம்பின் வழியாக ஏதோ ஆவி அல்லது காற்று தசைக்குள் பாய்ந்து அதை ஊதிப் பெருக்கச் செய்கிறது, அதனால்தான் தசை சுருங்குகிறது என்று அந்நாளில் எல்லோரும் நம்பினார்கள். சுவாமர்டாம் தவளையின் தொடைத் தசையை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்தார். குழாயின் ஒடுங்கிய நுனியில் ஒரு துளி தண்ணீர். வெளியிலிருந்து நரம்பைச் சீண்டினார். தசை சுருங்கியது. காற்று உள்ளே வந்திருந்தால் தசை பருத்து, தண்ணீர்த் துளி மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அவர் இறந்து பல தசாப்தங்களுக்குப் பிறகு, 1737-38இல்தான் இது நூலாக அச்சேறியது.

காற்று இல்லையென்றால் வேறென்ன? அதற்கும் தவளையே பதில் சொன்னது. இத்தாலியின் பொலோஞா நகரில் லூயிஜி கல்வானி 1780களில் தவளைக் கால்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மின்பொறியில் ஒரு பொறி பறந்த அதே கணத்தில், கத்தி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்க, செத்த தவளையின் கால் உதைத்தது. பல வருடங்கள் இதையே துருவி, 1791இல் அவர் தமது நூலை வெளியிட்டார். உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்றார். பாவியா பல்கலைக்கழகத்தின் அலெசாந்த்ரோ வோல்டா மறுத்தார். இல்லை, நீங்கள் பயன்படுத்திய இரண்டு உலோகங்களிலிருந்துதான் மின்சாரம் வந்தது என்றார். தமது வாதத்தை நிரூபிக்கப் போய், 1800இல் உலகின் முதல் மின்கலத்தைச் செய்துவிட்டார். எமது பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் கல்வனோமானி ஒருவர் பெயரில், வோல்ற்றுமானி மற்றவர் பெயரில். ஒரே அலுமாரித் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இருவரும் ஒவ்வொரு பாதி சரி. உலோகங்களிலும் மின்சாரம் உண்டு, நரம்பிலும் உண்டு.

நரம்பில் ஓடும் செய்திக்கு வேகம் எவ்வளவு? பேர்லினின் பெரிய உடற்றொழிலியல் அறிஞர் யொகான்னஸ் முல்லர், அதை அளக்கும் வழி எமக்கு ஒருபோதும் கிடைக்காது என்றே கருதினார். அவருடைய மாணவர் ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அளந்துவிட்டார். வழி மிக எளிமையானது. தவளையின் நரம்பைத் தசைக்கு அருகே ஓரிடத்தில் தூண்டினார், பிறகு தூரத்தில் ஓரிடத்தில் தூண்டினார். தசை அசைய எடுத்த நேரங்களின் வித்தியாசத்தைப் பார்த்தார். இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த வித்தியாசத்தால் பிரித்தார். செக்கனுக்குச் சுமார் 27 மீற்றர் வந்தது. மணிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 97 கிலோமீற்றர். தெற்கு அதிவேக வீதியில் அனுமதிக்கப்பட்ட 100க்குச் சற்றுக் கீழே. எண்ணத்தின் வேகம் மின்னல் வேகம் என்று நினைத்திருந்த உலகுக்கு இது பெரும் ஏமாற்றம்.

இந்தத் தவளைக் கணக்கை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், ஆறு கிழமை கழித்து எமது காலில் செய்ததும் இதே கணக்குத்தான்.

இனி, எம்மை நித்திரை கொள்ள விடாத அந்த நோயின் கதை. பரிஸ் நகரின் சல்பெத்ரியே ஆஸ்பத்திரியில் ஷான் மார்த்தென் ஷார்க்கோ 1869இல் ஷோப்ரோய் என்ற சக வைத்தியரோடு சேர்ந்து அதன் அடிப்படையைக் கண்டறிந்தார். 1874இல் அந்த நோய்க்குப் பெயரும் வைத்தார். நோயாளி உயிரோடு இருக்கும்போது தளர்ச்சியை, மெலிவை, துடிப்பைக் கவனமாகக் குறித்து வைத்து, இறந்த பிறகு முண்ணாணைத் திறந்து பார்த்து இரண்டையும் பொருத்தியவர் அவர். 1939இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு அது வந்தபோது உலகம் முழுவதும் அந்த நோயை அறிந்தது. 1941இல் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 37.

இங்கேதான் துடிப்புக்குக் கெட்ட பெயர் வந்தது. ஷார்க்கோவின் காலத்திலிருந்து வைத்திய மாணவர்கள் துடிப்பை அந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாகப் படித்தார்கள். படித்ததில் பிழை இல்லை. ஆனால் அந்த நோயில் துடிப்பு உண்டு என்பது, துடிக்கிறவனுக்கெல்லாம் அந்த நோய் உண்டு என்று ஆகிவிடாது. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருந்தால் மழைதான் பெய்தது என்று சொல்ல முடியுமா? யாரோ பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். சொந்தக் கால் துடித்தபோது மறந்துபோனோம்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஓர் ஊசி தேவைப்பட்டது. 1929இல் இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியனும் அமெரிக்கரான டெற்லெவ் புரொங்கும் ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, தசைக்குள் நுழையக்கூடிய மின்வாயைச் செய்தார்கள். அதை ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். மனிதத் தசையில் தனித்தனி நரம்பிழைகள் அனுப்பும் சைகைகளைக் காதால் கேட்க முடிந்தது. ஒரு நரம்பிழையும் அது ஆளும் தசைநார்களும் சேர்ந்த தொகுதிக்கு இயக்க அலகு என்று பெயர். ஒக்ஸ்போர்ட்டின் ஷெரிங்டன் கொடுத்த கருத்து அது. ஏட்ரியனும் ஷெரிங்டனும் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நியூசிலாந்தில் பிறந்து ஷெரிங்டனிடம் பயின்ற டெரெக் டெனி-பிரவுன், 1938இல் பென்னிபேக்கர் என்பவரோடு சேர்ந்து அந்த ஊசியை வைத்து ஒரு குழப்பத்தைத் தீர்த்தார். அதுவரை வைத்தியர்கள் இரண்டு வேறு விசயங்களை ஒரே பெயரால் அழைத்து வந்தார்கள். ஒன்று, நரம்பை இழந்த தனித் தசைநார்கள் அநாதைகளாய்த் துடிப்பது. இது ஃபிப்ரிலேஷன். தோலுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாது, ஊசிக்கு மட்டும் கேட்கும். மற்றது, ஓர் இயக்க அலகு முழுவதும் தானாகத் துள்ளுவது. இது ஃபசிகியுலேஷன். கண்ணுக்குத் தெரிவது இதுதான்.

பத்து வருடம் கழித்து, 1948இல், அமெரிக்காவிலிருந்து டெனி-பிரவுனும் ஃபோலியும் இன்னுமோர் ஆய்வுரை தந்தார்கள். அதன் தலைப்பிலேயே தீங்கற்ற துடிப்பு என்ற கருத்து இருந்தது. தசைப்பிடிப்பு உள்ள சிலருக்கு ஃபசிகியுலேஷன் வருகிறது, அவர்களுக்கு நரம்பு அழியும் நோய் இல்லை என்றார்கள். அதே 1948இல்தான் ஹோட்ஸ், லராபி, ஜேர்மன் என்ற மூவர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் தவளைக் கணக்கை உயிருள்ள மனிதரின் இயக்க நரம்புகளில் செய்து காட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் விட்டுச் சென்ற நரம்புக் காயங்கள் இந்தச் சோதனைகளைத் தேவையாக்கியிருந்தன.

இவ்வளவும் வாசித்து முடிக்கவும் எமது திகதி வரவும் சரியாக இருந்தது.

இரவு பஸ்ஸில் கொழும்பு போய்ச் சேர்ந்தோம். சிறிய அறை, குளிரூட்டி, ஒரு கட்டில், ஒரு கணினி. முதலில் நரம்புக் கடத்தல் சோதனை. பாதத்தில் மின்வாய்களை ஒட்டிவிட்டு, கணுக்காலில் ஒரு சிறு அதிர்ச்சி கொடுத்தார்கள். கால் தானாக உதைத்தது. பிறகு முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. மீண்டும் உதைத்தது. இஞ்சி டேப்பால் இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தார்கள். ஆம், எமது கொப்பிக் கணக்குக்குப் பயன்பட்ட அதே வகை டேப். தூரத்தை நேரத்தால் பிரித்தார்கள். செக்கனுக்கு 47 மீற்றர் என்று திரையில் வந்தது. காலுக்கு 40க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. குளிருக்குள்ளும் எமக்குச் சிரிப்பு வந்தது. பொலோஞாவின் தவளையும் கோனிக்ஸ்பேர்க்கின் தவளையும் இந்தக் கட்டிலில் எமக்கு முன்னே படுத்திருந்தன.

அடுத்தது ஊசி. கெண்டைக்கால், முன்கால், தொடை, பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடைப்பட்ட சதை. வலி உண்டு, தாங்க முடியாததல்ல. காலைத் தளர்த்தச் சொன்னார் டொக்டர். ஒலிபெருக்கி மௌனமானது. ஓய்விலிருக்கும் நல்ல தசை பேசாது. நரம்பை இழந்த தசை ஓய்விலும் சும்மா இருக்காது, தகரத்தில் மழை விழுவது போலச் சத்தமிடும் என்று வாசித்திருந்தோம். அந்த மழைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம். மழை வரவில்லை.

திடீரென்று ஒலிபெருக்கியில் ஒற்றையாக, டொப் என்று ஒரு சத்தம்.

"அதுதான் சேர் உங்கட ஆள்" என்றார் டொக்டர். "வந்திட்டுப் போறார். ஆனா அவரைச் சுத்தி என்ன இருக்கெண்டுதான் நான் பாக்கிறன். சுத்தி ஒண்டுமில்ல."

அந்த ஒரு வசனத்துக்குள் மேலே சொன்ன வரலாறு முழுவதும் இருக்கிறது. ஒரு துடிப்பின் அர்த்தம் துடிப்புக்குள் இல்லை, அதன் அயலில் இருக்கிறது. தளர்ச்சி இருக்கிறதா, தசை மெலிகிறதா, ஊசிக்கு ஃபிப்ரிலேஷன் கேட்கிறதா, நரம்பு இழப்பின் பழைய தடயங்கள் உண்டா? 2008இல் வெளியான அவாஜி அளவுகோல், மோட்டார் நியூரோன் நோய் என்று சந்தேகிக்கப்படுபவரில் ஃபசிகியுலேஷனையும் ஒரு சான்றாக எடுக்கலாம் என்றது. அங்கேயும் நிபந்தனை உண்டு. தசையில் நரம்பு இழப்பின் மாற்றங்களும் கூடவே இருக்க வேண்டும். தனியாக வரும் துடிப்பை அது சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை.

அயலில் ஒன்றுமில்லாமல் துடிப்பவர்கள் எத்தனை பேர்? 1963இல் ரீட், கர்லன்ட் என்ற இருவர் ஆரோக்கியமானவர்களிடம் விசாரித்தபோது, ஏறத்தாழ 70 வீதமானோர் தமக்கும் தசை துடிப்பதுண்டு என்றார்கள். மோட்டார் நியூரோன் நோயோ, ஐரோப்பியக் கணக்குகளின்படி ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு ஏறத்தாழ 2 பேருக்கே புதிதாக வருகிறது. 1993இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக், தீங்கற்ற துடிப்பு என்று தாம் சொல்லி அனுப்பிய 121 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்த ஆய்வை வெளியிட்டது. சிலருக்கு 2 வருடங்கள் கடந்திருந்தன, சிலருக்கு 32 வருடங்கள். ஒருவருக்கும் அந்த நோய் வந்திருக்கவில்லை. அப்படித் துடித்தவர்களில் வைத்தியத் துறையைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். நோயின் பெயர் தெரிந்தவனுக்குத்தான் துடிப்பு கண்ணில் படுகிறது.

ரிப்போர்ட் நோர்மல் என்று வந்தது. கதை இத்தோடு முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் எமது நிம்மதி எட்டு நாட்கள் மட்டுமே இருந்தது. ஒன்பதாம் நாள் பெருவிரல் துடித்தது. ஊசி குத்தாத இடத்தில் நோய் ஒளிந்திருந்தால்? சோதனை அவசரப்பட்டுச் செய்ததாக இருந்தால்? டேப் மீண்டும் வெளியே வந்தது.

டொக்டரிடம் மீண்டும் போய், ஆறு மாதத்தில் சோதனையைத் திரும்பச் செய்யலாமா என்று கேட்டோம். அவர் முதலில் கேட்டது வேறு.

"சேர் ஒரு நாளைக்கு எத்தினை ரீ?"

எண்ணிப் பார்த்தோம். ஏழு.

"நித்திரை?"

சொல்ல வெட்கமாக இருந்தது.

களைப்பு, தூக்கமின்மை, பதற்றம், தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபைன் என்று எல்லாமே துடிப்பைக் கூட்டும் என்றார். பயந்தால் துடிக்கும், துடித்தால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் துடிக்கும். கொப்பியில் சுற்றளவு எழுதுகிற விசயத்தையும் அவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "சோதனையைத் திரும்பச் செய்யலாம் சேர். ஆனா அதுக்கு முதல் அந்த டேப்பை வீட்டில ஆரிட்டயாவது குடுத்திடுங்க" என்றார்.

கொடுக்க வேண்டி வரவில்லை. மகளே கண்டெடுத்தாள். "வாப்பா, உம்மா தேடின டேப் ஏன் உங்கட கட்டிலுக்குக் கீழ கிடக்கு?" என்று கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்தில் கொப்பி. இடது 36, வலது 36 அரை, திகதி திகதியாக. மறைக்க வழியில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவளை உட்கார வைத்து, கல்வானியின் தவளையிலிருந்து கொழும்பின் ஒலிபெருக்கி வரைக்கும் சொன்னோம். அமைதியாகக் கேட்டாள். எமது கெண்டைக்கால் அந்த நேரம் பார்த்துத் துள்ளியது. அதையும் பார்த்தாள்.

"துடிக்கட்டும் வாப்பா. எனக்கு நாளைக்கு வரலாறு மொடல் பேப்பர் இருக்கு. சொல்லித் தாங்க."

அன்றிரவு கண்டி இராச்சியம் படித்தோம். நடுவில் இரண்டு தடவை கால் துடித்தது என்று நினைக்கிறோம். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பார்க்கவில்லை.

இரண்டு வருடங்கள் ஆகின்றன. துடிப்பு இன்றும் இருக்கிறது. பரீட்சைக் காலத்தில் கூடும், விடுமுறையில் குறையும். இரண்டாவது சோதனைக்கு நாம் போகவில்லை. ரீ இரண்டாகக் குறைந்திருக்கிறது. அதனால்தான் ஆரம்பத்தில் மூன்றாவது வேண்டாம் என்றோம்.

ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாம் வைத்தியர் அல்ல. இந்தப் பதிவை வாசித்துவிட்டு யாரும் தமக்குத் தாமே நோர்மல் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். கையோ காலோ உண்மையில் தளர்ந்தால், பொத்தான் போட முடியாமல் போனால், நடக்கும்போது பாதம் தடுக்கினால், சதை கண்ணுக்குத் தெரிய மெலிந்தால், பேச்சு குழறினால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால் தாமதிக்காமல் டொக்டரிடம் போங்கள். ஒன்றுமே இல்லாமல் துடித்தாலும் ஒரு தடவை காட்டுங்கள். தைரொயிட் போன்ற வேறு காரணங்களையும் அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் தகுதியானவர் பார்த்து, சோதித்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு எமக்குரியது. அதை எந்த இயந்திரமும் எமக்காகச் செய்து தராது.

எம்மைப் போல நடுநிசியில் போன் வெளிச்சத்தில் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதை வாசித்தால், அவருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தனி ஆள் இல்லை. போனை வையுங்கள். பக்கத்து அறையில் உங்கள் பிள்ளை விழித்திருந்தால், என்ன படிக்கிறாய் என்று போய்க் கேளுங்கள்.

அல்லாஹ் எல்லோருக்கும் உடல் நலத்தையும் மன நிம்மதியையும் தருவானாக.